மேலத்தெருப் பொம்பளைக ஓட்டு

வாங்க டீச்சர், உள்ள வாங்க. வெயில்ல நிக்காதீக. ஓட்டர் லிஸ்ட்டு சரிபாக்க ஆள் வருவாகன்னு காலையிலயே தலையாரி சொல்லிட்டுப் போனாரு. எங்க வீட்டுக்காரவுக இல்ல, பக்கத்து ஊர்ல ஒரு கருமாதிக்குப் போயிருக்காக, வர சாயங்காலமாகும். பரவாயில்ல, நான் சொல்றேன், நீங்க எழுதிக்கங்க. முதல்ல இந்த மோரைக் குடிங்க. உங்களுக்கு எந்த ஊரு? டவுனா. டவுன்ல எந்தப் பக்கம்? சரி, விடுங்க. மூஞ்சியப் பாத்தாலே நல்ல இடத்துப் பிள்ளைன்னு தெரியுது.

காலனியில எழுதிட்டு வர்றீகளா, இனிமேத்தான் அங்க போறீகளா? எழுதியாச்சா. அப்பப் பஞ்சுவப் பாத்திருப்பீக. பஞ்சவர்ணம், ஊராட்சித் தலைவர். உங்களுக்குத் தலைவர், எனக்குப் பஞ்சுதான். என்னையப் பத்தி ஏதும் சொன்னாளா? சொல்லலையா. சொல்ல மாட்டா, அழுத்தக்காரி. நீங்க சித்த உக்காருங்க, நான் சொல்றதையும் கேட்டுக்கங்க. ஊருக்குப் புதுசா வர்றவுக ஒரு பக்கத்தை மட்டும் கேட்டுட்டுப் போகக் கூடாதுல்ல.

எங்க வீட்டுல அவுக மூணு தடவை பிரசிடெண்டா இருந்தவுக. அதுக்கு முன்னாடி எங்க மாமனார். இந்த ஊருக்கு எங்க வீட்டை விட்டா வேற பிரசிடெண்டு கிடையாது. ஓட்டுன்னு ஒண்ணு நடக்கும், ஆனா யாரு ஜெயிப்பாகன்னு முன்னாடியே தெரியும். அப்படி இருந்த ஊருக்குத்தான் சட்டம் வந்துச்சு. இந்த ஊராட்சியத் தாழ்த்தப்பட்ட பொம்பளைகளுக்குன்னு ஒதுக்கிட்டாகன்னு. அதுவும் ரெண்டு தேர்தலுக்கு. எங்கயோ மெட்ராஸ்ல உக்காந்துக்கிட்டு எழுதுறவுகளுக்கு என்ன தெரியும், இங்க ஒரு வீட்டுல அடுப்பு அணைஞ்சு கிடக்கும்னு? அவுக சாப்பிடவே இல்ல. கட்டில்ல சுவரைப் பாத்துப் படுத்தவுகதான்.

கோயில் மண்டபத்துல ஊர் கூடுச்சு. யாருமே மனுப் போட வேண்டாம்னு சில பேரு சொன்னாகளாம். அப்படி விட்டா மேலருந்து ஆள் போட்டு நடத்துவாக, ஒண்ணும் நம்ம கையில இருக்காதுன்னு சில பேரு. கடைசியில, நம்ம பேச்சைத் தட்டாத ஒருத்தியப் பாத்து நிறுத்துவோம், எதுக்க யாரும் நிக்க வேண்டாம்னு முடிவாச்சு. யாரை நிறுத்துறதுன்னு அவுக வீட்டுக்கு வந்து யோசிச்சுக்கிட்டு இருந்தாக. நான்தான் டீச்சர் சொன்னேன், நம்ம பஞ்சு இருக்காளேன்னு. அரசியல்ல நான் வாயைத் திறந்தது அந்த ஒரு தடவதான். அவுகளும் கேட்டுக்கிட்டாக. இப்ப நினைச்சாலும் வயிறு எரியுது.

அவ எங்க தொழுவத்துல சாணி அள்ளுனவ. அவ புருசன் சோணை எங்க வயல்ல ஏர் ஓட்டுனவன். ஏன்னு கேட்டு நிமிந்து பாக்க மாட்டா. எட்டாவது வரைக்கும் அவ படிச்சிருக்கான்னே அப்பதான் எங்களுக்குத் தெரியும். கையெழுத்துப் போடத் தெரியுமான்னு அவுக கேட்டாக. தெரியும்யான்னா. அது போதும், மத்தது நான் பாத்துக்கறேன்னாக. பதவி ஏத்துக்கப் போறப்ப நல்ல சேலை இல்லைன்னு நான்தான் ஒண்ணு எடுத்துக் குடுத்தேன். நான் கட்டிக் கழிச்சதுதான், இருந்தாலும் பட்டுக்கரை. திருப்பிக் கேக்கல. ஒரு மனுசி வேற என்ன செய்யணும், சொல்லுங்க.

காலையில வந்து தொழுவத்தைக் கூட்டுவா. அப்புறம் போயிக் குளிச்சிட்டு பஞ்சாயத்து ஆபீசுக்கு வருவா. அங்க நாற்காலி கிடந்துச்சு. உக்காரக் கூடாதுன்னு யாரும் சொல்லல. இந்த ஊரு சாமி மேல ஆணையாச் சொல்றேன், யாரும் சொல்லல. அவளாத்தான் தரையில உக்காந்தா. அவுக துணைத்தலைவரா நாற்காலியில இருக்கையில இவ எப்படி எதுக்க உக்காருவா? அந்த மரியாதை அப்ப அவளுக்கே இருந்துச்சு. ஆகஸ்டு பதினஞ்சுக்குக் கொடியும் அவுகதான் ஏத்துனாக. இவ தட்டுல பூ வச்சுக்கிட்டுப் பக்கத்துல நின்னா. எம்புட்டு நல்லா இருந்துச்சு தெரியுமா, ஒரு சண்டை சச்சரவு கிடையாது.

கெட்டது யூனியன் ஆபீஸ் கூட்டத்துலதான். அங்க ஒரு பொம்பளை ஆபீசர் இருந்துச்சாம். இவளைப் பாத்து, வாங்க தலைவரேன்னு எந்திரிச்சு நின்னுச்சாம். நாற்காலியில உக்கார வச்சு, காப்பி குடுத்து, உங்க ஊருக்கு என்ன வேணும்னு கேட்டுச்சாம். அவுக வெளியில வராண்டாவுல நின்னுக்கிட்டு இருந்திருக்காக. உள்ள துணைத்தலைவருக்கு இடமில்லைன்னுட்டாக. அன்னைக்கு வீட்டுக்கு வந்து செருப்பைக் கூடக் கழட்டாம முத்தத்துல நின்னுக்கிட்டே இருந்தாக. நான் தண்ணி குடுத்தேன், வாங்கல.

அதுக்கப்புறம் ஒரு நாள் கிளார்க்கு ஒரு பேப்பரைக் கையெழுத்துக்கு நீட்டியிருக்காரு. படிச்சுட்டுப் போடுறேன்னுட்டா. அதுல என்ன, போடாத ரோடைப் போட்டாச்சுன்னு எழுதியிருக்கு. எல்லா ஊர்லயும் நடக்குறதுதான் டீச்சர், பெரிய பெரிய ஊர்லயே நடக்குது. இவ, ரோடு போடலையேன்னு சொல்லிப் பேனாவைக் கீழ வச்சுட்டா. அவுக வந்து சாப்பாட்டுத் தட்டைத் தூக்கி என் மேல வீசுனாக. நீ காட்டுன ஆளுதானேன்னாக. நியாயந்தானே, நான் காட்டுன ஆளுதானே.

மறுநாள் எப்பவும் போல தொழுவத்துக்கு வந்தா. அந்தத் தைரியத்தைப் பாருங்க. ஏன்டி, போடச் சொன்னாப் போட வேண்டியதுதானேன்னு கேட்டேன். சாணிக்கூடையத் தலையில வச்சுக்கிட்டே சொன்னா:

"கையெழுத்து என்னோடதும்மா."

சத்தம் போட்டுச் சொல்லல. மாடு கன்னு போட்டிருக்குன்னு சொல்ற மாதிரிச் சொன்னா.

அப்புறம் நடந்தது ஊர் அறிஞ்சது. சோணைய நம்ம பயலுக கம்மாக்கரையில மறிச்சு ரெண்டு தட்டு தட்டுனானுக. பயமுறுத்தத்தான். கால்ல பட்டுருச்சு. இப்ப ஒரு காலை இழுத்து இழுத்துத்தான் நடக்குறான், ஏர் புடிக்க முடியாது. ஆனா ஒண்ணு, அவனை ஆஸ்பத்திரிக்கு எங்க டிராக்டர்லதான் கொண்டு போனோம். அதை எங்கயாச்சும் பஞ்சு சொல்லுவாளா? போலீசுல கேஸ் குடுத்தா, அதுல டிராக்டரைப் பத்தி ஒரு பேச்சு இல்லையாம். அதுலருந்து காலனிக்கு வேலை கிடையாது, கடையில சாமான் கிடையாதுன்னு ஊர்க் கட்டுப்பாடு. அவ சின்னப் பிள்ளைக்கு அம்மை போட்டிருந்துச்சு. ஒரு இளநி வாங்க நடந்திருக்கா, யாரும் குடுக்கல. அது எனக்கே ஒரு மாதிரித்தான் இருந்துச்சு. ஆனா என் பாட்டைச் சொல்லுங்க. அவ வராமப் போனதுல தொழுவம் முழுக்க நான்தான் சாணி அள்ளுனேன். என் குறுக்கு ஒடிஞ்சு போச்சு. அதைக் கேக்க ஒரு நாதி இல்ல.

இம்புட்டுக்கும் அவ பதவிய விட்டுட்டுப் போகல. ராஜினாமாக் கடுதாசிய எழுதிக் கொண்டு போயிக் குடுத்தாக, அதையும் படிச்சுப் பாத்துட்டுத் திருப்பிக் குடுத்துட்டா. நாற்காலியிலயும் உக்காந்துட்டா. அவுக அந்த ஆபீசுக்குப் போறதையே விட்டுட்டாக. இவ பாட்டுக்கு யூனியனுக்கும் கலெக்டர் ஆபீசுக்கும் நடந்து நடந்து வீட்டுக்கு வீடு கக்கூசு கட்ட வாங்கிட்டு வந்தா. காலனிக்கு மட்டும்னா சரின்னு விட்டுருக்கலாம். எங்க மேலத்தெருவுக்கும் சேத்துக் கட்டுனா. எங்க வீட்டுல முன்னாடியே இருந்துச்சு, எனக்குத் தேவையில்ல. மத்த வீட்டுப் பொம்பளைக பொழுது அடையுற வரைக்கும் அடக்கிக்கிட்டு இருந்து கருவக்காட்டுக்குப் போவாளுக. பழகிப்போன விசயம், அதுக்காக யாரும் செத்துப் போயிடல. ஆனா பஞ்சு தெருவுல வந்தா அவளுக அவளைப் பாத்து லேசாச் சிரிக்க ஆரம்பிச்சாளுக. ஆம்பளைக இல்லாத நேரமாப் பாத்துத்தான். நான் பாத்தேன்.

அடுத்த தேர்தல் வந்துச்சு. ஒதுக்கீடு அப்படியேதான் இருந்துச்சு. இந்தத் தடவ அவுக ஏமாறல. சோணையோட கூடப்பிறந்தவ மாயக்காள்னு ஒருத்தி, பஞ்சுவுக்கு நாத்தனா, அவளையே எதுக்க நிறுத்துனாக. காலனி ஓட்டு ரெண்டா உடையும், மேலத்தெரு மொத்தமும் மாயக்காளுக்கு விழும். பஞ்சுவுக்குப் பூட்டு சாவிச் சின்னம், மாயக்காளுக்கு மூக்குக்கண்ணாடி. சோறு கூடத் தனியா ஆக்கி, ஒரே குடும்பம் ரெண்டு பட்டுப் போச்சு. அது அவுக கெட்டிக்காரத்தனம்.

இதுல பஞ்சு ஒரு வேலை செஞ்சா. எங்க ஊர்ல மேலத்தெருப் பொம்பளைக ஓட்டுப் போடப் போற வழக்கமில்ல டீச்சர். அது எங்களுக்கு ஒரு கௌரவம். கண்ட கண்ட ஆளுகளோட வரிசையில நிக்கணுமா என்ன? எங்க ஓட்டை ஆம்பளைகளே போட்டுட்டு வந்துருவாக. நான் கல்யாணமாகி வந்ததுலருந்து ஓட்டுச்சீட்டைக் கண்ணுல பாத்தது இல்ல. இவ கலெக்டர்கிட்ட மனுக் குடுத்துட்டா, எங்க ஊர்ல பொம்பளைக ஓட்டை வேற ஆள் போடுறாகன்னு. போலீசு வந்துருச்சு, வீடியோ எடுக்க ஆள் வந்துருச்சு, அடையாள அட்டையக் காட்டி அவுகவுகதான் போடணும்னுட்டாக. வேற வழியில்லாமத் தெருப் பொம்பளைக எல்லாரும் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். யாரும் மாறக் கூடாதுன்னு ஆம்பளைக முந்தின நாளே சொல்லிச் சொல்லி அனுப்புனாக. கண்ணாடி, கண்ணாடி, கண்ணாடி. எனக்கு அவுக சொல்லவே வேண்டியதில்ல. எனக்கு அவ மேல இருக்கிற ஆத்திரத்துக்கு.

உள்ள போனேன். விரல்ல மை வச்சாக. கலர் கலரா சீட்டுக் குடுத்தாக, ஒரு முத்திரையும் குடுத்தாக. அங்கிட்டுப் போங்கன்னு கையக் காட்டுனாக. ஒரு மேசை, மூணு பக்கமும் அட்டை வச்சு மறைச்சிருந்தாக. நீங்கதான் எத்தனையோ பாத்திருப்பீகளே. எனக்கு அது புதுசு. அதுக்குள்ள போயி நின்னேன். நின்னா, யாரும் என்னையப் பாக்கல.

இதை எப்படிச் சொல்றதுன்னு தெரியல. கல்யாணமாகி வந்த நாள்லருந்து நான் உக்காந்தா எந்திரிச்சா யாராச்சும் பாத்துக்கிட்டுத்தான் இருப்பாக. மாமியா பாப்பாக, அவுக பாப்பாக, வேலைக்காரி பாப்பா. குளிக்கிற இடத்துல கூட, என்ன இம்புட்டு நேரம்னு வெளியிலருந்து குரல் வரும். அந்த அட்டைக்குள்ள ஒருத்தரும் இல்ல. கீழ தலைவர் சீட்டு இருக்கு, ரோஸ் கலரு. அதுல பூட்டு சாவியும் கண்ணாடியும் பக்கத்துல பக்கத்துல. சும்மா நின்னேன் டீச்சர். வேற ஒண்ணுமில்ல. என்னம்மா தெரியலையான்னு ஆபீசர் சத்தம் குடுத்தப்பதான் நினைப்பு வந்துச்சு. கண்ணாடியிலதான் குத்துனேன். நல்லா அழுத்திக் குத்துனேன். பக்கத்துக் கட்டத்துல துளி மை படல.

எண்ணுனாக. பஞ்சு ஜெயிச்சுட்டா.

காலனி ஓட்டு மொத்தமும் அவளுக்கே விழுந்திருந்தாலும் ஜெயிக்க முடியாது. அதுவும் உடைஞ்ச ஓட்டு. அப்ப மேலத்தெருவுலருந்து விழுந்திருக்கு. கோயில் மண்டபத்துல ஆம்பளைக உக்காந்து கணக்குப் பாத்தாக. ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாத்தான். நீ போட்டியான்னு யாரும் யாரையும் கேக்கல, அண்ணன் தம்பிக்குள்ள அப்படிக் கேக்க முடியுமா? எந்திரிச்சு அவனவன் வீட்டுக்கு வந்தான். அன்னைக்கு எங்க தெருவுல ஒரு வீட்டுலயும் உலை கொதிக்கல. இந்த வீட்டுல சத்தம் நின்னா அந்த வீட்டுல கேக்கும். நடுவீட்டுக் கோசலை, கல்யாணமாகி வருசங்கூட ஆகல, அரளி விதைய அரைச்சுக் குடிச்சிருச்சு. வயித்துவலின்னு சொல்லி எடுத்துப் போட்டாச்சு. அந்தப் பேரு உங்க லிஸ்ட்டுல இன்னும் இருந்தா அடிச்சிருங்க. அவ போட்டாளோ போடலையோ, பாவம், இனிமே யாரு கேக்க.

அப்பவும் ஆம்பளைகளுக்கு ஆறல. எல்லாப் பொம்பளைகளையும் கோயிலுக்கு வரச் சொல்லி, சூடம் அடிச்சு சத்தியம் பண்ணச் சொல்லிட்டாக. சொன்ன சின்னத்துலதான் போட்டேன்னு சாமி முன்னாடி சொல்லி ஒரு உள்ளங்கையில எரியுற சூடத்தை மறு கையால அடிச்சு அணைக்கணும். பொய் சொன்னாக் குடும்பம் விளங்காது. வரிசையா நின்னோம். ஓட்டுப் போட நின்ன மாதிரியே. ஒவ்வொருத்தியா வந்து அடிச்சாளுக. ஒருத்தி தயங்கல டீச்சர். கடைக்கார வீட்டு ராசாத்தி சாமிய நேராப் பாத்துக்கிட்டு ஒரே அடி. பஞ்சுவப் பாத்து முதல்ல சிரிச்சவளே அவதான். தெரு மொத்தமும் சத்தியம் பண்ணிருச்சு. அப்ப அந்த ஓட்டெல்லாம் வானத்துலருந்தா விழுந்துச்சு?

என் முறை வந்துச்சு. எனக்கு மறைக்க ஒண்ணுமில்ல. நான்தான் உண்மையாவே கண்ணாடிக்குப் போட்டவ. சூடத்தைக் கையில ஏந்துனேன். அந்த நேரம் பாத்து, அட்டைக்குள்ள சும்மா நின்னேன்ல, அந்த நினைப்பு வந்துருச்சு. என்னத்துக்கு வந்துச்சோ. சூடம் நழுவித் தரையில விழுந்து, நான் அடிக்கிறதுக்கு முன்னாடி தானா அணைஞ்சு போச்சு. பூத்துல ஏஜெண்டா உக்காந்திருந்த பயதான் மெதுவாச் சொன்னான், அத்தை உள்ள ரொம்ப நேரம் நின்னுச்சுன்னு.

அவுகளும் என்ன செய்வாக? ஊரே பாத்துக்கிட்டு இருக்கு. மத்தவன் பொண்டாட்டியெல்லாம் சத்தியம் பண்ணியாச்சு, பிரசிடெண்டா இருந்தவர் பொண்டாட்டி சூடத்தைக் கீழ போட்டுட்டான்னா அவுக தலையை எங்க கொண்டு போயி வைப்பாக? அங்கனயே, அந்தக் கோயில் படியில வச்சு, இந்தக் கையைத்தான் முறுக்குனாக. மளுக்குன்னு ஒரு சத்தம். பாத்தீகளா, முழங்கைக்குக் கீழ கோணலா இருக்குல்ல. பெரியாஸ்பத்திரிக்குப் போனா எப்படி ஆச்சுன்னு எழுதுவாகன்னு, எலும்புக்குக் கட்டுறவர வீட்டுக்கே வரச்சொல்லி மூங்கில் தப்பை வச்சுக் கட்டுனாக. செலவைப் பாக்கல அவுக. சரியாச் சேரல, அது என் நேரம். விரலு மடங்காது, தம்ளரைக் கூடப் புடிக்க முடியல. உங்களுக்கு மோரு இடது கையால குடுத்தேன், அதைத் தப்பா எடுத்துக்காதீக.

கட்டுப் போட்டு மூணாவது நாளோ என்னமோ, பின்வாசல்ல நிழலாடுச்சு. பஞ்சு. அம்புட்டுப் பெரிய தலைவரு, பின்வாசல் வழியாத்தான் வந்தா. அவுக இல்லாத நேரம் பாத்து வந்திருக்கா. என் கையப் பாத்துக்கிட்டு நின்னா. அப்புறம் சொன்னா:

"இது கோணலாச் சேந்துரும்மா. ரோட்டுல ஆட்டோ நிக்குது, பெரியாஸ்பத்திரிக்குப் போயிருவோம். வீட்டுக்குள்ள அடிச்சாலும் கேக்க இப்பச் சட்டம் இருக்கும்மா. நான் கூட வர்றேன்."

எப்படி இருக்கும் எனக்கு? என் தொழுவத்துல சாணி அள்ளுனவ, என் பழைய சேலையக் கட்டுனவ, எனக்குச் சட்டம் சொல்றா. இவளாலதானே இம்புட்டும். இவ அன்னைக்குக் கையெழுத்தைப் போட்டிருந்தா சோணைக்குக் கால் இருக்கும், கோசலைக்கு உசிரு இருக்கும், எனக்குக் கை இருக்கும். புருசன் பொண்டாட்டிக்குள்ள ஆயிரம் இருக்கும், நீ யாருடி நாட்டாமை பண்ண, எறங்குடி வெளியன்னு கத்துனேன். எறங்கிப் போனா. அவ நின்ன படியில ஒரு குடம் தண்ணிய ஊத்திக் கழுவிவிட்டேன். ஒத்தக் கையாலதான் ஊத்துனேன், குடம் இடிச்சு நெஞ்செல்லாம் நனைஞ்சு போச்சு.

ஒண்ணுதான் டீச்சர் எனக்கு ஆற மாட்டேங்குது. நீ யாருக்குப் போட்டேன்னு ஊரே என்னையக் கேட்டுச்சு. அவுக கேட்டாக, எங்கூடப்பிறந்த அண்ணன் வந்து கேட்டாக, எலும்புக்குக் கட்டுறவர் கூடக் கட்டிக்கிட்டே கேட்டாரு. அவ மட்டும் கேக்கல. கேட்டிருந்தா, உனக்குப் போடலடின்னு மூஞ்சிக்கு நேராச் சொல்லியிருப்பேன்ல. அவளுக்குத்தான் போட்டிருப்பேன்னு அவளா நினைச்சுக்கிட்டாளோ என்னமோ. இப்பவும் தெருவுல பாத்தா ஒரு பார்வை பாத்துட்டுப் போறா. பொல்லாத பார்வையும் இல்ல. அதான் தாங்க முடியல.

சரி, உங்களுக்கு நேரமாகுது. எழுதிக்கங்க. என் பேரு அழகுமீனாள். வயசு அதுல இருக்கிறதையே போட்டுக்கங்க. இன்னொண்ணும் உங்ககிட்ட கேட்டு வைக்கச் சொன்னாக. கண்ணு தெரியாதவுக, கை விளங்காதவுக ஓட்டுப் போட வந்தா, கூட ஒரு ஆள் உள்ள வந்து முத்திரை குத்திவிடலாம்னு சட்டத்துல இடம் இருக்காமே, நெசந்தானா? அவுக விசாரிச்சுட்டு வந்தாக. அடுத்த எலெக்சனுக்கு அப்படியே செஞ்சுருவோம்னாக. எனக்கும் அதுதான் நிம்மதி. இனிமே அந்த அட்டைக்குள்ள நான் தனியா நிக்க வேண்டியதில்ல, சூடம் அடிக்க வேண்டியதில்ல, யாரும் என்னையச் சந்தேகப்பட முடியாது. நல்ல சட்டம்தான்.

என் கை விளங்காதுன்னு இப்பவே அதுல குறிச்சுருங்க டீச்சர். துணைக்கு வர்ற ஆள் பேரையும் எழுதணுமா? அவுக பேரை நான் வாயால சொல்லக் கூடாது. நீங்களே பாத்து எழுதிக்கங்க. அந்தா, அந்தத் தாள்லதான், என் பேருக்கு மேலயே இருக்கும்.